பின்வேலிப் பொட்டு

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாசல் என்று யாராவது கேட்டால் எங்கள் வயதுக்காரர் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வோம். "ஒண்டுதானே, முன்னாலை படலை" என்போம். பின்வேலியில் இருந்த பொட்டை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காணி உறுதியில் அது இல்லை. விதானையாருக்கும் அது தெரியாது. ஆனால் வீட்டுக்குள் வந்துபோன சாமான்களில் பாதி அதற்குள்ளால்தான் வந்துபோயின.

இந்தச் சொல்லை இப்போது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. லீவுக்கு வந்திருந்த என் பேத்தி, "வேலியிலை ஓட்டையோ?" என்று கேட்டாள். ஓட்டை வேறு. ஓட்டை தானாக விழும். நாய் பறித்தாலும் விழும், கறையான் தின்றாலும் விழும். பொட்டு ஆள் பார்த்து விடுவது. வேலி அடைக்கும்போதே நட்டு வளர்த்த இரண்டு கதியால் தடிக்கு நடுவில் ஓலை வைக்காமல், இடுப்பில் குடம் வைத்த ஒரு பெண் குனிந்து போகிற அளவுக்கு இடம் விடுவார்கள். இரண்டு வீடும் சம்மதித்து விட வேண்டும். எங்கள் பொட்டில் இரண்டு பக்கத்துக் கிளுவங் கதியாலும் கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று இருந்தன. அந்த இடத்தில் மட்டும் புல் முளைக்காது.

அதற்கென்று சட்டதிட்டமும் இருந்தது. பெண்கள் போகலாம், பிள்ளைகள் போகலாம், கோழி போகலாம். ஆம்பிளைகள் போகக்கூடாது. எங்கள் ஐயாவுக்குப் பின்வளவு மாமாவோடு இரண்டு சொல்லுக் கதைக்க வேண்டுமென்றால், சால்வையைத் தோளில் போட்டு, படலையைத் திறந்து, ஒழுங்கை முழுக்க நடந்து, கோயிலடியால் சுற்றி, மற்ற ஒழுங்கையில் இறங்கி, அவர்களுடைய படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவார். மாமா இருமினால் எங்கள் கிணற்றடிக்குக் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்த மனிதரைப் பார்க்க இவ்வளவு நடை. எங்கள் படலை ஓர் ஒழுங்கையிலும் அவர்களுடைய படலை இன்னோர் ஒழுங்கையிலும் இருந்ததால், பொட்டு இல்லாவிட்டால் அவர்கள் எங்களுக்கு வேறு ஊர்தான்.

அம்மாவும் பின்வளவு மாமியும் சொந்தமில்லை. ஆனாலும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் சிரட்டையில் அடுப்புத் தணல் வரும். பின்னேரம் உறைமோர் போகும். முருங்கையிலை வரும், வெங்காயம் போகும். கறி போனால் எங்கள் நீலக்கரைப் பீங்கான் கோப்பையில் போகும், வந்தால் அவர்களுடைய விளிம்பு உடைந்த வெள்ளைக் கோப்பையில் வரும். கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் நாலு பச்சைமிளகாயாவது, ஒரு நெட்டுக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதில் அம்மா கடும் கண்டிப்பு.

இதே மாமி தன் தங்கையின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தபோது பொட்டால் வரவில்லை. கூறைநாட்டுச் சேலை உடுத்து, மாமாவோடு ஒழுங்கையைச் சுற்றிப் படலையால் வந்து, கதிரையின் நுனியில் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா. போய்க் கொஞ்ச நேரத்தில் வீட்டுச் சேலையோடு பொட்டால் வந்து, "உன்ரை தேத்தண்ணியிலை சீனி காணாது, மச்சாள்" என்று சொன்னா. நானும் மாமியின் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் என்னுடைய வகுப்புத்தான். அவளுக்கு ஒரு சின்னத் தம்பி.

நான் சொல்ல வந்தது அம்மா என் தம்பியைச் சுமந்து முழுகாமல் இருந்த வருஷத்துச் சித்திரை விடுமுறையை. வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். அம்மாவின் ஆட்கள் தூரத்தில், தென்மராட்சிப் பக்கம். ஐயாவின் பக்கத்தில் பெண்கள் ஒருவரும் இல்லை. அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு என்றால் பயம். எனக்கும் தம்பிக்கும் இடையில் ஒன்று பிறந்து தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. ஆனால் மாமிக்குத் தெரியும், அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது அவதான்.

"மருத்துவிச்சி வரட்டும், வராமல் போகட்டும். நோ துவங்கினால் பொட்டடியிலை நிண்டு ஒரு கூப்பிடு. அடுப்பிலை என்ன கிடந்தாலும் போட்டிட்டு வந்திடுவன்" என்று மாமி சொல்லியிருந்தா. அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதங்களைக் கழித்தா. ஐயா ஏதாவது கேட்டால், "மச்சாள் நிப்பாதானே" என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில்.

ஒருநாள் மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் கணவாய் கொண்டு வந்தார். அம்மாவுக்குக் கணவாய் என்றால் உயிர் என்று மாமிக்குத் தெரியும். மத்தியானம் வெள்ளைக் கோப்பை நிறையக் கணவாய்க் கறி வந்தது. அம்மா ஆசையாக இரண்டு பிடி சாப்பிட்டா, பிறகு எல்லாவற்றையும் சத்தியெடுத்தா. பாயில் சுருண்டு கிடந்தபடியே, "அந்தக் கோப்பையைக் கழுவிக் கொண்டுபோய்க் குடு பிள்ளை" என்றா. நான் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி அதை வாங்கி, கவிழ்த்துப் பார்த்து, "கொம்மா எல்லாத்தையும் முடிச்சுப்போட்டா போலை" என்று சிரித்தா. பின்னேரம் அம்மா எழும்பி முகம் கழுவும்போதுதான் அவவுக்கு உறைத்தது. "வெறுங்கோப்பையோ குடுத்தனி?" என்று கேட்டுவிட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்தா. விடிந்தால் சரிபண்ணலாம் என்று ஒரு கோப்பை பயறு எடுத்து வைத்தா.

விடிந்தபோது பொட்டு அடைத்துக் கிடந்தது.

நான்தான் முதலில் கண்டேன். அந்தப் பக்கமிருந்து காவோலையைச் செருகி, குறுக்கே இலந்தை முள்ளுக் கொப்பொன்றை வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தது. ஓடிவந்து, "அம்மா, பொட்டை அடைச்சுப்போட்டினம்" என்றேன். அம்மா பயற்றுக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தா.

"மச்சாள்!" என்று ஒருதரம் கூப்பிட்டா.

அந்தப் பக்கம் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டதும் அது நின்றது. கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் துலா திரும்பவும் கிறீச்சிட்டது.

அம்மாவின் முகம் சிவந்துபோனது. "ஒரு வெறுங்கோப்பைக்கோ? ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கோ இவ்வளவும்?" என்று வேலிக்குக் கேட்கத்தான் சொன்னா. பயற்றைக் கொண்டுபோய் டப்பாவுக்குள் கொட்டினா. எங்கள் அம்மாவுக்குக் குற்றம் மனதில் உறுத்தினால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, போய் என்ன ஏதெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று ஐயாவைப் பிடித்துத் தள்ளினா. ஐயா சால்வையைப் போட்டுக்கொண்டு சுற்றுப்பாதையால் போனார். திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோட்டக் கிணற்றில் முழுகிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"என்ன சொன்னவை?"

"அடைச்சது அடைச்சதுதான். நீ உந்தக் கதையை விடு."

"ஏனாம்?"

"விடு எண்டு சொன்னால் விடன்."

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கும் மாமியின் மகளைக் காணாமல் பொழுது போகவில்லை. நான் யாருமில்லாத நேரம் பார்த்துக் காவோலையை இழுத்துப் பிரிக்கப் பார்த்தேன். முள்ளுக் குத்தி உள்ளங்கையில் இரத்தம். ஐயா அதைக் கண்டார். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை. அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார், பிறகு வேலியைப் பார்த்தார். அடுத்த நாள் மருதனார்மடம் சந்தையிலிருந்து வரும்போது சைக்கிள் நிறையப் பனையோலை கட்டி வந்தார்.

வேலி அடைத்தவர்களுக்குத் தெரியும், அது தனியாள் வேலையில்லை. ஓலையைக் குறுக்கு வரிச்சுத் தடியோடு சேர்த்துக் கட்டக் குத்தூசி வேண்டும். கயிறு கோத்த அந்த நீட்டு ஊசியை இந்தப் பக்கமிருந்து ஒருவர் குத்தித் தள்ள, அந்தப் பக்கத்தில் நிற்கிறவர் கயிற்றை வளைத்துப் பிடித்துத் திரும்பக் குத்தித் தள்ள வேண்டும். ஐயா குத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து ஊசி திரும்பி வந்தது. கதையில்லை, பேச்சில்லை. ஊசி போவதும் வருவதும்தான். ஒவ்வொருதரமும் வந்த ஊசியை ஐயா பக்கத்திலிருந்த மஞ்சள் தண்ணீர் வாளிக்குள் தோய்த்து எடுத்தார். துருப்பிடிக்காமல் இருக்கத்தான் என்று நான் நினைத்தேன்.

அம்மா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "அங்காலை ஆர் ஊசி குத்துறது?" என்று கேட்டா.

"ஆரெண்டால் என்ன?"

"பின்வளவு அண்ணையோ? அப்ப இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்துதான் என்ரை வழியை அடைக்கிறியள்."

ஐயா அடுத்த ஊசியைக் குத்தினார். பழைய பொட்டு இருந்த இடம் தெரியாத மாதிரி அவ்வளவு வடிவாக அடைத்தார். பிறகு போய்த் தோட்டக் கிணற்றில் முழுகினார். எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் போய்வந்தால் முழுகுவார்கள். இன்னொரு வீட்டுக்குப் போய்வந்தாலும் முழுகுவார்கள். அது எந்த வீடு என்று அம்மா அமைதியாக இருந்திருந்தால் யோசித்திருப்பா. கோபக்காரர் எங்கே யோசிக்கிறது?

நோ துவங்கியது ஒரு நடுமத்தியானம். ஐயா மருத்துவிச்சியைக் கூட்டிவரச் சைக்கிளில் பறந்தார். அம்மா பின்னறையில் தூணைப் பிடித்தபடி நின்றா. அந்த அறை யன்னலிலிருந்து பார்த்தால் புது ஓலை வேலி பளபளவென்று தெரியும். "மாமியைக் கூப்பிடட்டே அம்மா?" என்று கேட்டேன்.

"வாயைப் பொத்து. செத்தாலும் கூப்பிடக்கூடாது."

சொல்லிவிட்டு அழுதா. என் அம்மா அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மருத்துவிச்சி வந்து என்னை வெளியே போகச் சொன்னா. நான் வேறெங்கே போவேன்? பொட்டடிக்குத்தான் போனேன். பொட்டுத்தான் இல்லை. ஓலையைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்பார்கள் என்று நினைக்காமல், "மாமி, அம்மா அழுகிறா" என்றேன்.

"எனக்குக் கேக்குது பிள்ளை."

ஓலைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே அந்தக் குரல் வந்தது. மருத்துவிச்சியின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதிலிருந்து மாமி அங்கேதான் நின்றிருக்கிறா.

"நீ அழாதை. போய் அம்மாட்டைச் சொல்லு, மாமி பொட்டடியிலைதான் நிக்கிறன் எண்டு."

ஓடிப்போய் யன்னலால் சொன்னேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "நிண்டால் வரச்சொல்லு" என்றா. திரும்ப ஓடினேன். "வரேலாதெண்டு சொல்லு" என்றா மாமி. திரும்ப ஓடினேன். "ஏனாம்? இன்னும் அந்தக் கோப்பையோ?" என்றா அம்மா. நான் நாலாவது ஓட்டம் ஓடத் தேவையிருக்கவில்லை. மாமிக்கு அது நேரே கேட்டுவிட்டது.

"எடி விசரி!" என்று வேலிக்கு மேலால் குரல் வந்தது. "கோப்பைக்கோ அடைச்சனான்? எங்கடை வீட்டிலை அம்மாள் வந்திருக்கிறா. பெட்டைக்கு வந்து இறங்கமுன்னம் பொடியனுக்கும் வந்திட்டா. இன்னும் தண்ணி வாக்கேல்லை. முன்படலையிலை வேப்பிலை கட்டிக் கிடக்குது, நீ எங்கை அந்த ஒழுங்கைக்கு வந்தனி, காண!"

அம்மா தூணை விட்டு யன்னலடிக்கு வந்தா.

அம்மாள் என்றால் அம்மை. உடம்பெல்லாம் கொப்பளம் போட்டுக் காய்ச்சலில் பிள்ளை கிடக்கும். இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அந்த வீட்டுக்கு ஒருவரும் போகமாட்டார்கள், அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே வராது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் காற்றுக்கூடப் படக்கூடாது என்பார்கள்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அம்மாவின் குரல் உடைந்து வந்தது.

"சொன்னால் சும்மா இருந்திருப்பியோ? பிள்ளையைப் பாக்கவெண்டு பொட்டைப் பிரிச்சுக்கொண்டு வந்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதோ? கோவமெண்டால் வரமாட்டாய். அதுதான் கோவத்திலை இருக்கட்டும் எண்டு விட்டனான். வயித்திலை கிடக்கிறது சுகமாய் வந்து சேரட்டும், பேந்து வந்து என்னைப் பேசு."

அம்மா சிரித்தா. நோவோடு சிரிக்கிற சிரிப்பு எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அதன் பிறகு எல்லாம் வேலிக்கு மேலால்தான் நடந்தது. "மூச்சை விடாதை, பிடி." "இப்ப விடு." "நான் இஞ்சைதான் நிக்கிறன் மச்சாள், நீ முக்கு." மருத்துவிச்சிக்கு எரிச்சல் வந்து, "இஞ்சை நானும் ஒருத்தி நிக்கிறன்" என்றுகூடச் சொன்னா. ஐயா முற்றத்தில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். தம்பி அழுத சத்தம் கேட்டதும் வேலிக்கு அந்தப் பக்கம், "என்ன பிள்ளை?" என்று கேட்டது. "பொடியன்!" என்று கத்தினேன். பிறகு அங்கேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாமி அழுதிருப்பா என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் மாமியைப் பிழையாக நினைத்தோம், அம்மா ஐயாவையும் பிழையாக நினைத்தா. ஐயா அன்று வேப்பிலை கட்டிய படலையைக் கண்டுவிட்டுத்தான் முழுகிவிட்டு வந்தவர். பெண்சாதியின் ஏச்சை வாங்கிக்கொண்டு, மாமியின் காவலுக்கு மேல் தானும் ஒரு காவல் போட்டார். அந்த மனிதர் இதைப்பற்றிப் பிறகும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா அவருக்கு அன்றிலிருந்து கணவாய்க் கறியில் நல்ல துண்டை வைக்கத் தொடங்கினா.

அவர்கள் வீட்டில் தண்ணீர் வார்த்து, எங்கள் வீட்டில் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த அன்று ஐயா கத்தியோடு வேலியடிக்கு வந்தார். "வெட்டட்டோ?" என்று கேட்டார். "வெட்டுங்கோ" என்று அந்தப் பக்கம் மாமா சொன்னார். முதலில் குனிந்து வந்தது மாமியின் மகள். முகமெல்லாம் கறுத்த புள்ளி, மூக்கு நுனியில் மட்டும் ஆழமாக ஒரு குழி. என்னைக் கண்டதும் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கையை இழுத்துவிட்டு, முள்ளுக் குத்திய என் உள்ளங்கையைக் காட்டினேன்.

பிறகு எவ்வளவோ நடந்தது. ஊரை விட்டு ஓடினோம், திரும்பி வந்தோம், திரும்பவும் ஓடினோம். வந்து பார்த்தபோது வேலியுமில்லை, கதியாலுமில்லை, நீலக்கரைக் கோப்பையுமில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாமியின் மகளும் நானும் எங்கள் எங்கள் காணியில் திரும்ப வீடு கட்டிக்கொண்டு, நடுவில் தகரம் அடித்து, அதிலும் ஒரு பொட்டு விட்டிருந்தோம்.

போன வருஷம் அவளுடைய மகன் லண்டனிலிருந்து வந்து, தாய்க்குப் பாதுகாப்பு என்று சுற்றிவரச் சீமெந்துக் கல்லில் மதில் கட்டினான். ஆளுயரத்துக்கு மேல். ஒரு விரல் போக வழியில்லை. அவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நான் அவளுடைய போனை எடுக்கவில்லை. சுற்றிப்போய்ப் பார்க்க என் முழங்காலும் விடாது, என் மனமும் விடவில்லை. இந்தக் கதை முழுக்கத் தெரிந்த நான்தான், அம்மா மாதிரியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் லண்டனுக்குத் திரும்பிப் போன அடுத்த நாள் காலை, பின்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பழைய பொட்டு இருந்த இடத்தில் ஒரு கல் ஆடி, என் பக்கத்துக்கு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மேசன் தம்பி ஒருவனின் தலை தெரிந்தது. "அம்மா, குனிஞ்சு போற மாதிரித்தான் வேணுமாம். உங்களாலை குனியேலுமோ? நேரா ஒரு கேற் வைக்கலாமே" என்றான்.

"கேற் வேண்டாம்" என்று அவனுக்குப் பின்னால் ஒரு குரல். "கேற் வைச்சால் பூட்டு வைப்பாங்கள்."

கற்சல்லி அள்ளி முடிந்ததும், ஒரு கையால் கல்லைப் பிடித்து, இடுப்பில் மற்றக் கையை வைத்து, "ஐயோ ஐயோ" என்று முனகிக்கொண்டே அவள் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் மூக்கு நுனிக் குழிதான் தெரிந்தது. அதே குழி.

"பொட்டை அடைக்கேக்கையும் எனக்குச் சொல்லேல்லை. இப்ப திறக்கேக்கையும் சொல்லேல்லை" என்றேன். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் ஒத்துவரவில்லை.

"எங்கடை வீட்டிலை அதுதான் பழக்கம்" என்றாள்.

கையில் ஒரு கோப்பை வைத்திருந்தாள். புதுச் சில்வர் கோப்பை. என்ன கறி கொண்டு வந்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"கொம்மா எங்கடை அம்மாவுக்கு ஒருக்கால் வெறுங்கோப்பை குடுத்துவிட்டவ. அதைத் திருப்பித் தர வந்தனான்" என்றாள்.

நான் அதை வாங்கிக்கொண்டு போய், அடுப்பில் இருந்த கணவாய்க் கறியைச் சட்டியோடு அதற்குள் கவிழ்த்தேன்.